பழைய சட்டையில் எடுத்த அளவு

கேள்வி: நான் ஆடை வடிவமைப்பு இறுதியாண்டு மாணவன். பத்தொன்பது வயதுத் தங்கைக்கு நாலு பேர் கூடினாலே கை வியர்த்து, பேச்சு அடைத்துவிடும். அவளுக்காக ஒரு மேல்சட்டை தைத்திருக்கிறேன். விரலில் மாட்டிய சென்சார் பதற்றத்தை உணர்ந்ததும் கழுத்துப்பட்டை சிவப்பாக ஒளிரும். பார்ப்பவர்கள் புரிந்துகொண்டு சற்று விலகி நிற்பார்கள். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று, அவளுடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து வந்து அதில்தான் அளவெடுத்தேன். அடுத்த மாதம் குடும்ப விழாவுக்கு இதை அணிய அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தங்கை அதே வீட்டில் இருக்கும்போது அவளுடைய பழைய சட்டையில் எதற்காக அளவெடுத்தீர்கள்? அளவு நாடாவுடன் அவள் எதிரில் போய் நின்றிருந்தால் ‘இது எதற்கு?’ என்று கேட்டிருப்பாள், நீங்களும் சொல்லியிருப்பீர்கள், ‘எனக்கு வேண்டாம்’ என்று அவள் மறுக்கவும் இடம் இருந்திருக்கும். அந்த மறுப்புக்கு இடம் கொடுக்காமல் இருந்துவிட்டு, அதற்கு ஆச்சரியம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். வெளியில் வாயடைத்துப் போகிற பெண்ணை வீட்டுக்குள்ளும் பேசவிடாத அண்ணனைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

கேட்டிருந்தால் முதல் நாளே ஒன்று தெரிந்திருக்கும். இந்தத் தொல்லை உள்ளவர்கள் பெரும்பாலும் அஞ்சுவது, தங்கள் நடுக்கமும் வியர்வையும் பிறர் கண்ணில் பட்டுவிடுமே என்பதற்குத்தான். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1995இல் தந்த விளக்கத்தின்படி, அவர்களின் கவனம் எதிரில் இருப்பவரை விட்டுத் தங்கள் மீதே திரும்பி, பிறருக்குத் தாங்கள் எப்படித் தெரிகிறோம் என்ற மோசமான சித்திரத்தை ஓயாமல் வரைந்துகொண்டிருக்கிறது. அவள் உள்ளங்கையை மடக்கி மறைப்பதை நீங்கள் கழுத்தில் விளக்கேற்றிக் காட்டப் போகிறீர்கள். எல்லோரும் விலகிக்கொண்டால், அருகில் வந்தவர் ஒன்றும் செய்யமாட்டார் என்பதை அவள் கண்டறியும் வாய்ப்பும் போய்விடும்.

அந்தச் சென்சாருக்கும் அவள் மனம் தெரியாது. வியர்வை கூடும்போது தோலின் மின்கடத்துத்திறன் உயர்வதை மட்டுமே அது அளக்கிறது. பயத்திலும் உயரும், தோழியைக் கண்ட மகிழ்ச்சியிலும் உயரும். பிலிப்ஸ் நிறுவனம் 2006இல் காட்டிய, உணர்வுக்கேற்ப ஒளிரும் ‘புபெல்’ ஆடையையும், யாரேனும் நெருங்கினால் தோளிலிருந்து இயந்திரக் கால்களை நீட்டும், ஆடை வடிவமைப்பாளர் அனூக் விப்ரெக்டின் சிலந்தி ஆடையையும் வகுப்பில் பார்த்திருப்பீர்கள். அவை காட்சிக்கு வைக்கப்பட்டவை, மேடைக்கு அழகு. உங்கள் தங்கை காட்சிப்பொருள் ஆக விரும்புகிறாளா?

உடன்பிறந்தவனின் கடமை அருகில் உட்கார்ந்திருப்பது என்று நம்புகிறவள் நான்; கருவி செய்து கொடுத்தால் அது தீர்ந்துவிடாது. விழாவுக்கு அவளோடு சேர்ந்து போய், ஒருவரிடமாவது இரண்டு வார்த்தை அவளே பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் நில்லுங்கள். ஆறு மாதத்துக்கும் மேலாக இந்த அச்சம் அவள் படிப்பையும் பழக்கவழக்கத்தையும் முடக்கியிருந்தால், மனநல மருத்துவரிடம் போகலாமா என்று அவளிடமே கேளுங்கள். இதற்கு நல்ல உளவியல் சிகிச்சை உண்டு.

மேல்சட்டையை மேசைமேல் விரித்து வைத்து, அவளிடம் சொல்லாமல் அளவெடுத்ததற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு இதில் எதை வைக்கலாம், எதைப் பிரிக்கலாம் என்று கேளுங்கள். பிறர் கண்ணில் படாமல், மூச்சை நிதானமாக விட நினைவூட்டி மணிக்கட்டில் மெல்ல அதிர்ந்தால் போதும் என்று அவள் சொல்லக்கூடும். விளக்கைக் கழற்று என்றால், விளக்கை இணைக்கும் மின்கடத்தும் நூலை அவள் முன்னாலேயே உருவிவிடுங்கள்.