கைத்துப்பாக்கியை எப்போது, எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும்?

காரைக்குடிப் பக்கம் உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்பதுண்டு. சுட்ட ஒவ்வொரு முறையும், முடிந்தால் அன்றைக்கே சுத்தம் செய்யுங்கள். சுடாமல் பெட்டகத்தில் கிடந்தாலும் மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் அடிக்கடி.

சுத்தம் என்றால் குழலிலும் நகரும் பாகங்களிலும் படிந்த கரி, ஈயம், செம்புத் துகள்களை அகற்றி, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுப்பது. அந்தப் படிவு ஈரத்தைப் பிடித்துவைக்கும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். சில பழைய வகைத் தோட்டாக்களின் எரியூட்டி, அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் பகுதி, உப்பையே விட்டுச் செல்லும். அது காற்றின் ஈரத்தை இழுத்து, ஓரிரு நாளிலேயே குழலை அரிக்கத் தொடங்கிவிடும்.

நம் வீட்டு இரும்புப் பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு கவிழ்த்தால் மறுநாள் செம்மண் நிறம். துடைத்து எண்ணெய் தடவினால் பேத்தி காலம்வரை வரும்.

எல்லாவற்றுக்கும் முன், தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றுங்கள். பிறகு துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இதில் அவசரமே கூடாது. தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். கையேடு சொல்லும் அளவுக்கு மட்டும் பிரித்தால் போதும்; முழுதாகப் பிரிப்பது உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரின் வேலை.

தோல் உறையில் வைத்தால் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்து, உள்ளேயே துருவை வளர்க்கும்.