எல்லைக்கு அந்தப் பக்கம் குடிபோனால் கரண்ட் பில் குறையுமா?

கேள்வி: கேரளத்துப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள். போன தடவை கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) பில் 560 யூனிட்டுக்கு நாலாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் வந்தது. பொள்ளாச்சியில் என் தங்கை வீட்டில் 470 யூனிட், பில் 1,616 ரூபாய்தான். ஆட்கள், சாமான்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். கோபாலபுரம் தாண்டி தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது, வாடகை 1,500 ரூபாய் கூடுதல், கரண்ட் மிச்சத்திலேயே அது வந்துவிடும் என்கிறார் வீட்டு புரோக்கர். இரண்டு பில்லையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். எந்த எண்ணைப் பார்த்து முடிவு செய்வது? ‘பவர் சேவர்’ என்று ஒரு பெட்டி விற்க வந்தார்கள், அதை வாங்கலாமா?

பதில்: புரோக்கர் ரூபாயைக் காட்டிப் பேசுகிறார். நீங்கள் முதலில் ரூபாயை மறந்துவிடுங்கள். பில்லில் மூன்றே விஷயம் பாருங்கள்: போன ரீடிங் எடுத்த தேதி, இந்த ரீடிங் எடுத்த தேதி, இரண்டுக்கும் நடுவில் ஓடிய யூனிட். ஒரு யூனிட் என்பது 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் கரண்ட். அது வாளையாறுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அளவுதான். விலைதான் மாறுகிறது.

உங்கள் பில்லில் இரண்டு ரீடிங்குக்கும் இடையே 64 நாள். தங்கை பில்லில் 59 நாள். யூனிட்டை நாளால் வகுத்தால் உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எட்டேமுக்கால் யூனிட், தங்கை வீட்டில் கிட்டத்தட்ட எட்டு. ஆக, இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் தினம் முக்கால் யூனிட்தான். 560-க்கும் 470-க்கும் நடுவில் தெரிகிற 90 யூனிட்டில் கிட்டத்தட்ட பாதி, நாள் கணக்கு கூடியதால் வந்தது. ரீடிங் எடுப்பவர் ஐந்து நாள் தாமதமாக வந்தால் அந்த ஐந்து நாள் கரண்டும் இந்த பில்லில்தான் ஏறும். தேதியை அவர்கள் கவனிக்கிறார்களோ இல்லையோ, நீங்கள் கவனியுங்கள். காலண்டரில் குறித்து வைத்து, அன்றைக்கு ஆள் வரவில்லையென்றால் மீட்டரை நீங்களே போட்டோ எடுத்து வையுங்கள். வீடு பூட்டியிருந்து சராசரி போட்டு வந்த பில்லாக இருந்தால் ஒப்பிடவே வேண்டாம். அதில் இருப்பது உத்தேசம், அளவு இல்லை.

சரி, உபயோகம் கிட்டத்தட்ட ஒன்று என்றால் பில் ஏன் மூன்று மடங்கு? ஸ்லாப், அதாவது யூனிட் கூடக் கூட மாறுகிற விலைப் படி. தமிழ்நாட்டில் 2016 முதல் எல்லா வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500-க்குள் நிற்பவருக்கு அடுத்த 100-க்கு யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. தங்கையின் 470-ஐ அதில் போட்டுப் பாருங்கள், சரியாக 1,616 வரும்.

கேரளத்தில் அப்படி எல்லா வீட்டுக்கும் இலவசம் கிடையாது. அதைவிடப் பெரிய விஷயம் 250 என்ற எண். மாதம் 250 யூனிட் வரை ஏணிப்படி மாதிரி ஏறும்: 2025-26 அட்டவணையில் முதல் 50-க்கு 3.35, அப்புறம் 4.25, 5.35, 7.20, 8.50. 250-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் படிகள் போய்விடும்; முதல் யூனிட்டிலிருந்து மொத்தத்துக்கும் ஒரே விலை, 6.75. கேட்க 8.50-ஐ விடக் குறைச்சலாகத் தெரியும். கணக்குப் போட்டால் 250 யூனிட்டுக்கு 1,432 ரூபாய், 251 யூனிட்டுக்கு 1,694. ஒரு யூனிட்டுக்கு 262 ரூபாய். அதன் மேல் பத்து சதவீதம் மின்வரி, பிக்சட் சார்ஜ், சர்சார்ஜ்.

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. பில் இரண்டு மாதத்துக்கு வருகிறது, அட்டவணை மாதக் கணக்கில் இருக்கிறது. 560 என்று பில்லில் பார்க்கும் வீட்டம்மாவுக்கு அதைப் பாதியாக்கி 280 என்று வைத்து, அது 250-ஐத் தாண்டிவிட்டது என்று எப்படித் தெரியும்? ‘நீங்கள் இன்னும் 60 யூனிட் குறைத்திருந்தால் பில் ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கும்’ என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்? எண்ணும் சுருக்கெழுத்துமாக ஒரு முழம் நீளத்துக்கு அச்சடிப்பார்கள், அதுவும் மூன்று மாதத்தில் வெளுத்துப்போகிற காகிதத்தில். வந்த அன்றே போட்டோ எடுத்து வைப்பதுதான் வழி.

250 தாண்டியவர்களுக்கு இப்போது நேரக் கணக்கும் உண்டு. மாலை 6 முதல் இரவு 10 வரை யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல், காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு. அதனால் பில்லில் ரீடிங் பிரிந்து பிரிந்து தெரியும். எல்லாவற்றையும் கூட்டினால்தான் உங்கள் யூனிட். மோட்டாரும் வாஷிங் மெஷினும் பகலில் ஓடட்டும்.

இப்போது புரோக்கர் கணக்குக்கு வருவோம். அதே 560 யூனிட்டை அந்தப் பக்கத்து வீட்டில் எரித்தால், 500 தாண்டிவிடுவதால் 2.35 என்ற சலுகை விலை போய்விடும். பில் சுமார் 2,540 ரூபாய். இங்கே கட்டுவதைவிட இரண்டு மாதத்துக்கு இரண்டாயிரம் மிச்சம், அதாவது மாதம் ஆயிரம். வாடகை 1,500 கூடுதல். மாதம் 500 ரூபாய் கையை விட்டுப் போகிறது. இதுவும் அந்த வீட்டுக்குத் தனி இணைப்பு இருந்தால்தான். அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

இலவச 100 யூனிட் குடும்பத்துக்குக் கிடைப்பதில்லை, இணைப்புக்குக் கிடைப்பது. எல்லையோரத்தில் ஒரே காம்பவுண்டுக்குள் நாலு போர்ஷன் கட்டி, ஒரே ஈபி இணைப்பு வாங்கி, ஒவ்வொரு போர்ஷனுக்கும் சப் மீட்டர் மாட்டி வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்காரர் யூனிட் பத்து ரூபாய் என்று வசூலிப்பார். ‘தமிழ்நாட்டு கரண்ட்’ என்பது உண்மைதான், இலவசம் அவருடைய பில்லில் கழியும். உங்கள் 560 யூனிட்டுக்கு 5,600 ரூபாய். கேஎஸ்இபிக்குக் கட்டுவதைவிட ஆயிரம் ரூபாய் அதிகம், வாடகையும் அதிகம்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? மீட்டர் போர்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். நாலு மீட்டர் வரிசையாக இருந்தால் நாலு இணைப்பு என்று அர்த்தமில்லை. அந்தப் போர்ஷனுக்கு மட்டும் உரிய சர்வீஸ் எண்ணைக் கேளுங்கள். எண்ணைப் போட்டு ஆன்லைனில் பில்லைப் பார்க்கலாம். அதில் இருக்கும் ரீடிங்கும், அந்த வீட்டு மீட்டரில் ஓடும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ‘எல்லாம் என் பேரில்தான் இருக்கு, நீங்க என்கிட்டயே கட்டிடுங்க’ என்று வீட்டுக்காரர் சொன்னால், சப் மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தனி எண் இருந்தாலும் டாரிஃப் (கட்டண வகை) என்ன என்று பாருங்கள். வீட்டுக்கு 1ஏ என்று இருக்க வேண்டும். முன்பு கடையாக இருந்து இப்போது வீடாக மாற்றியதென்றால் வணிக டாரிஃபே இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். புதிதாகக் கட்டிய வீடென்றால் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பே மாற்றப்படாமல் இருக்கலாம். இரண்டிலும் இலவச 100 கிடையாது, விலையும் கூடுதல். புரோக்கர் இதையெல்லாம் சொல்லமாட்டார், ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

வேறு சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அந்தப் பக்கத்து இணைப்பிலிருந்து ஒயர் இழுத்துத் தருகிறோம் என்பார்கள். தோட்டமும் வீடும் எல்லையின் இரண்டு பக்கமும் கிடக்கும் வேலந்தாவளம் மாதிரி இடங்களில் இந்தப் பேச்சு சகஜம். வேண்டவே வேண்டாம். எந்த இடத்துக்கு என்று இணைப்பு கொடுத்தார்களோ அதை விட்டு வேறு இடத்தில் எரித்தால், 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 126-இன்படி இரு மடங்கு கட்டணம். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குப் போடுவார்கள். ஒயர் இழுத்தவர் அன்றைக்குப் போன் எடுக்கமாட்டார்.

வீட்டை மாற்றாமல் என்ன செய்யலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காசு அங்கேதான் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 60 யூனிட் குறைத்து 500-க்குள் (மாதம் 250) வந்தால், மின்வரியோடு சேர்த்து 4,158 ஆக இருக்கும் தொகை 3,151 ஆகும் (உங்கள் நேரக் கணக்கால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம்). பிக்சட் சார்ஜும் கீழிறங்கும். அறுபது யூனிட் என்றால் தினம் ஒரு யூனிட்தான். உங்கள் ஊர் வெயிலுக்கு ஃபேன் நிற்கவே நிற்காது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி ஃபேன் 35-க்குள். அதிக நேரம் ஓடும் இரண்டு ஃபேனை மாற்றினால், பன்னிரண்டு மணி நேரக் கணக்கில் ஒரு யூனிட் வந்துவிட்டது. கீசர் இருந்தால் 2,000 வாட், அரை மணி நேரம் ஒரு யூனிட். மாமியாருக்கு வெந்நீர் வேண்டும், அதில் கை வைக்க வேண்டாம். ஸ்விட்சை மறந்துவிடாமல் அணைத்தால் போதும்.

ஒன்றே ஒன்று: 500-க்குக் கீழே சும்மா ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள். 495 என்று கணக்கு வைத்தால் ரீடிங் ஒரு நாள் தள்ளிப்போனதும் தாண்டிவிடும். 470-ஐக் குறி வைத்து, வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். வாரத்துக்கு 55 யூனிட்டுக்கு மேல் ஓடினால் அந்த வாரமே தெரிந்துவிடும்.

பவர் சேவர் பெட்டி. ஆயிரத்து ஐந்நூறுக்கோ இரண்டாயிரத்துக்கோ விற்றிருப்பார்கள். பிளக்கில் சொருகினால் பச்சை விளக்கு எரியும். உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அது பவர் ஃபேக்டரை (இழுக்கிற கரண்டில் எவ்வளவு உருப்படியான வேலைக்குப் போகிறது என்ற விகிதத்தை) சரிசெய்யும் சாதனம், தொழிற்சாலைக்கு அதில் பலன் உண்டு. வீட்டு மீட்டர் யூனிட்டுக்குத்தான் பணம் கேட்கிறது, பவர் ஃபேக்டருக்குக் கேட்பதில்லை. விற்பவர் கையில் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியர் குறைவதைக் காட்டுவார். அது நிஜமாகவே குறையும், பில் குறையாது. ‘சரி, உங்க பெட்டியைச் சொருகுங்க, மீட்டர்ல யூனிட் ஓடுற வேகத்தைப் பார்ப்போம்’ என்று சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கழற்றி வையுங்கள், அந்தப் பச்சை விளக்குக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள்.