மேஸ்திரி மகள் சிவில் படிக்கலாமா?

மேஸ்திரி ஐயா, வணக்கம்.

“முப்பது வருஷம் நான் வெயிலில் நின்றது போதும் சார், பிள்ளையாவது ஏசி ரூமில் உட்காரட்டும்” என்று போனில் சொன்னீர்கள். மகளோ சிவில் இன்ஜினியரிங் படித்துப் பசுமைக் கட்டடத் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் நான் அவள் பக்கம்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். சிவிலில் தொடக்கச் சம்பளம் பெரும்பாலும் ஐடியை விடக் குறைவு. சைட்டில் இரண்டு மூன்று வருஷம் தூசி தின்னாமல் தொழில் படியாது. இது தெரிந்தே அவள் வரட்டும்.

அப்புறம், ‘பசுமை’ என்று பெயர் ஒட்டிய பட்டப்படிப்பைத் தேடி அலைய வேண்டாம். நேரான பி.இ. சிவில் போதும். கவுன்சலிங்குக்கு விருப்பப் பட்டியல் போடும் முன் கல்லூரிக்கு நேரில் போய் கான்கிரீட் ஆய்வகத்தைப் பாருங்கள். வலிமை பார்க்கக் கான்கிரீட் கியூபை உடைக்கும் மெஷின்மேல் தூசி படிந்திருந்தால் அந்தப் பெயரை அடித்துவிடுங்கள்.

“மாடியில் செடி வைக்கிறதுக்கா நாலு வருஷப் படிப்பு?” என்று கேட்டீர்களே, சிரித்துவிட்டேன். வேலை வேறு: சிமென்ட்டால் வரும் கார்பன் டை ஆக்சைடையும் வீட்டுக்குள் இறங்கும் வெப்பத்தையும் குறைப்பது. சிமென்ட்டாக அரைக்கப்படும் கிளிங்கர் கட்டியை ஒரு டன் சுட்டால் 800 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் வேகும்போது கல்லுக்குள்ளிருந்தே வருவது. சூளைக்கு எந்த எரிபொருள் போட்டாலும் அது நிற்காது. அதனால்தான் கிளிங்கரின் அளவையே குறைக்கப் பார்க்கிறார்கள். நீங்கள் வாங்கும் பிபிசி (போர்ட்லாண்ட் பொஸோலானா) சிமென்ட் மூட்டையில் அனல்மின் நிலையச் சாம்பல் கலப்பது அந்த வழிதான். சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த எல்சி3 சிமென்ட்டில் சென்னை, டெல்லி ஐஐடிகள் பல வருஷம் ஆராய்ச்சி செய்தன. 2023-ல் அதற்கு இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. புது சிமென்ட் சைட்டுக்கு வந்தால் எவ்வளவு தண்ணீர், எத்தனை நாள் நனைத்து க்யூரிங் செய்வது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

இன்னொன்று வெப்பம். சித்திரை மாதம் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி, உங்கள் மாடி வீட்டு சீலிங்கை அவளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெயில் போய் மூன்று மணி நேரம் ஆகியும் ஏன் சுடுகிறது? மர விட்டத்தின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் ஏன் அப்படிச் சுடுவதில்லை? இந்தக் கணக்கைப் போடுவதுதான் அவள் வேலை. வீட்டுச் சுவரும் கூரையும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று 2018-ல் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை மத்திய அரசு கொண்டுவந்தது.

இதில் உங்கள் மகளுக்கு ஒரு அனுகூலம் உண்டு. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய ‘ரேட் ட்ராப்’ (எலிப்பொறி) கட்டு, அதாவது செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே பொந்து விட்டுக் கட்டுவது, ஏறக்குறைய கால்வாசிக் கல்லை மிச்சப்படுத்தும். இது புத்தகத்திலேயே இருக்கிறது. கொத்தனார் ஏன் அதைக் கட்டத் தயங்குகிறார், கலவை எப்படிப் பொந்துக்குள் விழுந்து வீணாகிறது என்பதை வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள எத்தனை மாணவர்களுக்கு வாய்க்கும்?

பணத்துக்கு மலைக்க வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். நீங்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்தவர்; அங்கே கல்வி உதவித்தொகை பற்றியும் கேளுங்கள்.

பசுமைக் கட்டடச் சான்றிதழ்த் தேர்வுகளுக்கு முதல் வருஷமே காசு கட்டச் சொல்வார்கள். வேண்டாம், கடைசி வருஷத்தில் பார்க்கலாம். மேலே படிக்க விரும்பினால் மூன்றாம் ஆண்டிலேயே எம்.டெக். சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வுக்குத் தயாராகட்டும்.

அடுத்த முறை கான்கிரீட்டைத் தாங்கும் செண்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கும் நாளில் அவளைச் சைட்டுக்குக் கூட்டிப் போங்கள். அதற்கு அப்புறமும் சிவில்தான் என்றால், மதிப்பெண் பட்டியலையும் வாரிய அட்டையையும் எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள்; உட்கார்ந்து கல்லூரிப் பட்டியல் போடுவோம்.