கார்பன் டை ஆக்சைடு ஏன் முனைவற்றது?

தம்பி, எலக்ட்ரான் கவர்தன்மை (பிணைப்பில் உள்ள எலக்ட்ரான்களை அணு தன் பக்கம் இழுக்கும் திறன்) கார்பனுக்கு 2.55, ஆக்சிஜனுக்கு 3.44, வித்தியாசம் 0.89 இருந்தும் கார்பன் டை ஆக்சைடு எப்படி முனைவற்ற, அதாவது மின்சுமை ஒரு பக்கமாகச் சாயாத, மூலக்கூறு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் பிழையே இல்லை. அந்தப் பிணைப்பு முனைவுள்ளதுதான். ஆனால் பிணைப்பு வேறு, மூலக்கூறு வேறு. பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

தண்டையார்பேட்டையில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் காசிமேட்டில் படகு இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். படகின் மூக்கில் இரண்டு கயிறுகளைக் கட்டி, ஆட்கள் சற்றே விரிந்து நின்று இழுத்தால், படகு இரண்டுக்கும் நடுவே முன்னே வரும். அதே ஆட்கள் நேரெதிர்த் திசைகளில் ஒரே பலத்தோடு இழுத்தால்? கயிறு விறைத்து நிற்கும், படகு அசையாது. கார்பன் டை ஆக்சைடும் இப்படித்தான். 180 டிகிரி நேர்கோடு, இரண்டு பக்கமும் சமமான இழுப்பு; மூலக்கூறின் மொத்த முனைவைக் காட்டும் இருமுனைத் திருப்புத்திறன் சுழி.

நீர் அப்படி அல்ல. ஆக்சிஜன் மேல் இருக்கும் இரண்டு தனித்த (பிணைப்பில் சேராத) எலக்ட்ரான் இரட்டைகள் பிணைப்புகளை நெருக்கி, கோணத்தை 104.5 டிகிரி ஆக்கிவிடுகின்றன. இரண்டு பிணைப்புகளின் முனைவும் ஒன்றுசேர்ந்து 1.85 டிபை (இருமுனைத் திருப்புத்திறனின் அலகு) கிடைக்கிறது. இந்த வளைவு மட்டும் இல்லையென்றால் உப்பு தண்ணீரில் இப்படிக் கரையுமா!

ஆகவே முதலில் வடிவத்தை வரையுங்கள், பிறகு ஒவ்வொரு பிணைப்பிலும் எலக்ட்ரான் இழுபடும் திசைக்கு அம்புக்குறி போடுங்கள். கார்பன் டெட்ராகுளோரைடையும் குளோரோஃபார்மையும் இன்றிரவே வரைந்து பாருங்கள். நான்கு குளோரினில் ஒன்றை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்ததும் என்ன ஆகிறது என்று இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.