அரியமான் பக்கம் 4 சென்ட்: அட்வான்ஸ் போடும் முன்

கேள்வி: சொந்த ஊர் உச்சிப்புளி அருகே. துபாயில் வேலை. அரியமான் கடற்கரைப் பக்கம் சென்ட் ஒன்றரை லட்சம் வீதம் 4 சென்ட் மனை விலைக்கு வருகிறது. கையில் இருப்பது 6 லட்சம். புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு விலை ஏறுகிறது, இந்த மாதமே அட்வான்ஸ் போடுங்கள் என்கிறார் புரோக்கர். வாங்கலாமா?

பதில்: 6 லட்சம் கையில் வைத்துக்கொண்டு 6 லட்ச ரூபாய் மனையை வாங்க முடியாது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அதற்கே 54,000 ரூபாய் தனியாக வேண்டும். மனைவி அல்லது அம்மா பெயரில் பதிந்தால் 6,000 குறையும். 10 லட்சம் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பெண்களுக்கு அந்தச் சலுகை உண்டு. புரோக்கர் கமிஷன், வேலி எல்லாம் சேர்த்தால் உங்கள் பணம் 3 சென்ட்டுக்குத்தான் தாராளமாகக் காணும்.

சரி, விலையை விடுங்கள். மனை கடலிலிருந்து எத்தனை மீட்டர் என்று கேட்டீர்களா? உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறி வரும் எல்லை) 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதில் கிராமப் பகுதிகளில் முதல் 200 மீட்டருக்குள் புது வீடு கட்ட முடியாது. “அதெல்லாம் பழைய சட்டம், இப்போது 50 மீட்டர்தான்” என்பார் புரோக்கர். 2019 கடலோர மண்டல அறிவிக்கையில் 50 மீட்டர் இருப்பது உண்மைதான். ஆனால் 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசித்த கிராமப் பகுதிக்குத்தான் அந்தச் சலுகை. நம் ராமநாதபுரம் மாவட்டத்துச் சராசரியே சுமார் 330. பனையும் கருவேலமும் நிற்கிற இடத்தில் 2,161 பேருக்கு எங்கே போவது? உங்கள் கிராமம் அந்தக் கணக்கில் வருகிறது என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள், காட்டமாட்டார்.

இதில் எரிச்சல் என்னவென்றால், பட்டாவிலும் வில்லங்கச் சான்றிலும் இந்தக் கோடு தெரியாது. பதிவு அலுவலகம் பணத்தை வாங்கிக்கொண்டு பதிந்து கொடுத்துவிடும். பிறகு கட்டட வரைபடத்தோடு போனால் இன்னொரு அலுவலகம் முடியாது என்னும். ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே மாட்டார்கள். சர்வே எண்ணோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு யாரையாவது அனுப்பிக் கேளுங்கள், இழுத்தடிப்பார்கள், விடாதீர்கள்.

“பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது” என்ற பேச்சு வந்தால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) எண் கேளுங்கள். அது இல்லாமல் தலைவர் கையெழுத்து மட்டும் உள்ள லே-அவுட்டை எந்த வங்கியும் சீண்டாது. சிவப்புப் பெயின்ட் அடித்த கல்லை நம்பாமல் சர்வேயரை வைத்து அளந்து பாருங்கள். 4 சென்ட் என்றால் 1,742 சதுர அடி. பாதையையும் உங்கள் கணக்கில் சேர்த்து விற்பது இங்கே சகஜம். பக்கத்து வீட்டுச் சுவரின் அடிவரிசைச் செங்கலையும் விரலால் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்புப் பூத்து மாவாக உதிர்ந்தால், உங்கள் வீட்டுக்கும் அதே கதிதான். கிணற்று நீரைச் சித்திரையில் குடித்துப் பார்க்க வேண்டும், ஐப்பசியில் அல்ல.

வெளிநாட்டில் இருப்பதால், “பவரை என் பெயருக்கு எழுதிவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று புரோக்கரே அதிகாரப் பத்திரம் கேட்பார். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அப்பா, தம்பி என்று சொந்தத்துக்குக் கொடுங்கள், அதுவும் இந்த ஒரு மனைக்கு மட்டும். அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள். அந்தப் பத்திரம் ஊர் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும்.