லயம் போனாலும் படம் போகாது: மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து செய்யும் கலை, கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள்.

இளைஞர்: அண்ணே, லயத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்துருச்சு. டேவான் (பொது மண்டபம்) சுவரில் தோட்டத்துக் கதையை வரையப் போறோம். வீல்சேரில் ரெண்டு பேர், கண் தெரியாத பாட்டி ஒருத்தர். எப்படிச் சேர்த்துக்கிறது?

பதில்: தம்பி, டேவான் யாருடைய சொத்து என்று முதலில் பாருங்கள். நிர்வாகத்தின் கட்டடம் என்றால் எழுத்து அனுமதி வேண்டும். கொடுத்தாலும், லயத்தை இடிக்கும் நாளில் சுவரும் சேர்ந்து போகலாம். இப்போது உங்களுக்கு வேண்டியது துணி. சுருட்டி எடுத்துக்கொண்டு எந்த வீட்டுக்குப் போனாலும் விரிக்கலாம், பாட்டியின் கைக்கும் எட்டும். சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, உறவினர்களைப் பறிகொடுத்த பெண்கள் சாக்கின்மேல் கந்தல் துணியை வைத்துத் தைத்துத்தான் உலகத்திடம் நியாயம் கேட்டார்கள்.

கோடெல்லாம் நீங்கள் போட்டுவிட்டு, ‘இந்த இலைக்கு மட்டும் பச்சை அடிங்க பாட்டி’ என்பது சேர்த்துக்கொள்வது ஆகாது. எந்தக் காட்சி வேண்டும், எது வேண்டாம் என்று பேசும் முதல் கூட்டத்திலேயே அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டி பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர் என்றால் அவரிடமே கேளுங்கள். சீவிய கோடு இடது மேலிருந்து வலது கீழாக, ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் இறங்கும். பட்டைக்குள் பால் குழாய்கள் லேசாகச் சாய்ந்து ஓடுவதால், இந்தத் திசையில் வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபடும். இளையவர்கள் வரையும் படங்களில் இது திசை மாறிப்போவது உண்டு. களிமண்ணில் ஒரு மரத்தைச் செய்து கொடுங்கள், கோடு எப்படிப் போகும் என்று பாட்டி விரலால் இழுத்தே காட்டிவிடுவார்.

தையல் தெரிந்த அக்கா: துணி அளவு சொல்லுங்க.

பதில்: அக்கா, 33 செ.மீ. சதுரமாக வெட்டுங்கள். நான்கு பக்கமும் 1.5 செ.மீ. தையலுக்குப் போனால் 30 நிற்கும். குறுக்கே 5, நெடுக்கே 4, மொத்தம் 20 சதுரம். பதாகை 150க்கு 120 செ.மீ. வரும். ஒரு சதுரம் ஒரு குடும்பத்துக்கு. பின்னால் கான்வாஸ். மேலே 8 செ.மீ. மடித்து உறை தைத்தால் மூங்கிலோ பிவிசி குழாயோ நுழையும்.

மரப்பட்டைக்குச் சாக்கு, செம்பனைக் குலைக்குத் தேங்காய் நார்க் கயிறு, தகரக் கூரைக்கு வரிசையாக மடிப்புத் தைத்த கைலி. தொட்டதும் எது என்று தெரிய வேண்டும். இரண்டு உருவத்துக்கு நடுவே 1 செ.மீ.யாவது இடம் விடுங்கள், ஒட்டிக்கொண்டிருந்தால் விரலுக்கு எல்லாம் ஒரே மேடுதான். சூட்டுப் பசையை நம்பாதீர்கள், நம்ம ஊர் வெயிலில் இளகிப் பிய்ந்துவிடும், தைத்தே ஆகவேண்டும். ஊசியை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். முடிந்ததும் துணி முழுக்க ஒரு காந்தத்தை ஓட்டிவிடுங்கள். தவறிய ஊசி ஒன்று கிடந்தால், தடவிப் பார்ப்பவரின் விரலில்தான் ஏறும்.

வயதான பிறகு பார்வை இழந்தவர்களில் பலருக்குப் பிரெய்ல் தெரியாது. ஒவ்வொரு சதுரத்துக்கும் அதைத் தைத்தவர் குரலில் அரை நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்து வையுங்கள்.

அம்மா ஒருவர்: என் மகனுக்குப் பெருமூளை வாதம். பிரஷ் பிடிச்சா நழுவிடுது.

பதில்: ஏர்கான் செம்புக் குழாய்க்கு மாட்டும் கறுப்பு ஸ்பாஞ்ச் உறை ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். 10 செ.மீ. வெட்டிப் பிரஷ் காம்பில் நுழைத்து டேப் சுற்றுங்கள். காம்பு பருத்தால் இறுக்கிப் பிடிக்கும் பாடு குறையும். துணியை மேசையோடு கிளிப் போட்டுவிடுங்கள். சாயக் கிண்ணத்துக்கு அடியில் ஈரத்துணி வைத்தால் நகராது. வீல்சேரில் இருந்தால் முழங்கால் நுழைய மேசைக்கு அடியில் 70 செ.மீ. வேண்டும், உட்காருமுன் அளந்து பாருங்கள். அவர் கையைப் பிடித்து வரையாதீர்கள் அம்மா. கோடு நடுங்கினால் நடுங்கட்டும், அது அவருடைய கோடு.

கோயில் செயலாளர்: எங்க மண்டபத்தில் நடத்தலாம். வாசல்படி ஒன்றுதான்.

பதில்: அந்த ஒரு படியே போதும் சார், வீல்சேர் வெளியே நின்றுவிடும். படி 15 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 180 செ.மீ. நீளம் வேண்டும், 1க்கு 12 என்பது கணக்கு. 60 செ.மீ. பலகையைச் சாய்த்து வைத்தால் வண்டி பின்னால் கவிழும். உள்ளே திரும்ப 150 செ.மீ. வெற்றிடம் விடுங்கள். கழிவறைக் கதவையும் அளந்து பாருங்கள். வண்டி நுழையாவிட்டால் மண்டபத்தை மாற்றுங்கள். தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு உட்காருவதற்கு யாரையும் கூப்பிடக்கூடாது.

ஆசிரியர்: காது கேளாத மாணவர்களுக்கு?

பதில்: மலேசிய சைகை மொழி, அதாவது பிஐஎம், மொழிபெயர்ப்பாளர் இருவர் வேண்டும், ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். ஒருவரே மணிக்கணக்கில் செய்தால் கை சோர்ந்து பாதி விஷயம் விட்டுப்போகும். நாம் பேசுவது தமிழ், அவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். பேசப்போவதை மலாயில் எழுதி முன்கூட்டியே கொடுங்கள். மொழிபெயர்ப்பாளரை ஜன்னலுக்கு முன் நிறுத்தாதீர்கள், பின்வெளிச்சத்தில் கை தெரியாது.

ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அப்பா: உறுமி மேளம் வைக்கிறாங்களாம்.

பதில்: எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு முன்பே பிள்ளையின் வேலையை முடியுங்கள். மேளத்துக்குத் தள்ளி ஒரு அமைதியான அறையும் காதுக்கவசமும் இருக்கட்டும்.

இளைஞர்: பதாகையைத் தூக்கிக்கிட்டு ஊர்வலம் போனா போலீஸ் பிரச்சனை வருமா?

பதில்: 2012 அமைதிப் பேரணிச் சட்டப்படி போலீசுக்கு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 5 நாளுக்கு முன். கொடுத்த கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். நடக்கும் வேகத்தை மிக மெதுவாக வருபவர் தீர்மானிக்கட்டும், அவரையே முன்வரிசையில் விடுங்கள். வீல்சேரின் பக்கக் கம்பியில் பிவிசி குழாயைக் கட்டினால் கொடிக்கம்பு நிற்கும், இரண்டு கையாலும் வண்டியை ஓட்டலாம். படம் எடுக்குமுன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். அம்மா அப்பா சரி என்றது வளர்ந்த பிள்ளையின் சம்மதம் ஆகாது. வேலை பறிபோகும் என்று பயப்படுகிறவர் தைத்த சதுரம் மட்டும் போகட்டும், முகம் வேண்டாம்.

அக்கா: வசூல் கொஞ்சம்தான் இருக்கு. எதுக்கு முதலில் செலவு பண்றது?

பதில்: ஆட்களை ஏற்றிவரும் வேனுக்கு, அடுத்து சைகை மொழிபெயர்ப்பாளருக்கு. கந்தல் துணி எல்லார் வீட்டிலும் இருக்கும், சாயத்தைக் குறைத்துக்கொள்ளலாம். வேன்காரரிடம் வீல்சேர் மடியுமா, மின்சார வண்டியா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மின்சார வண்டி கனம், சாதாரண வேனில் தூக்கி ஏற்ற முடியாது.