பழைய பள்ளியின் மாடியில் நூலகம் வைக்கலாமா?

கேள்வி: பவானி அருகே எங்கள் ஊர் அறக்கட்டளைக்குச் சொந்தமான பள்ளிக் கட்டிடம் ஏறத்தாழ நூறாண்டு பழையது. சுண்ணாம்புக் காரைச் சுவர், மரத்தளம் போட்ட மாடி, ஓட்டுக் கூரை. பள்ளி வேறு இடத்துக்குப் போய்விட்டது. மாடியில் நூலகம், கீழே ஜமக்காள நெசவுப் பயிற்சியும் விற்பனையும், போட்டித் தேர்வு வகுப்பும் நடத்த விரும்புகிறோம். சுவரின் அடிப்பகுதியில் பூச்சு உதிர்கிறது. சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். சரியா?

பதில்: இடித்துவிடலாம் என்ற பேச்சே உங்கள் கடிதத்தில் இல்லை. மனம் நிறைந்தது. ஆனால் நூலகத்தை மாடிக்கு ஏற்றாதீர்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 875 வகுப்பறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ பாரம் கணக்கிடுகிறது. புத்தக அடுக்கறைக்கு அது 600 கிலோ. அலமாரி உயர்ந்தால் இன்னும் கூடும். பிள்ளைகளைத் தாங்கிய உத்திரங்கள் புத்தகங்களைத் தாங்கும் என்று நம்ப வேண்டாம். நூலகம் கீழே இருக்கட்டும். உத்திரங்களைப் பொறியாளர் சோதித்துச் சரி என்றால் தேர்வு வகுப்பு மாடிக்குப் போகட்டும்.

நெய்பவர் கால் வைக்கத் தரையில் குழி வெட்டும் குழித்தறியைப் போடுவதாக இருந்தால் சுவரை ஒட்டிக் குழி தோண்டாதீர்கள். பழைய அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமற்றது. விசைத்தறி மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் ஓயாத அதிர்வு காரைச் சுவரைத் தளர்த்திவிடும்.

சிமென்ட் யோசனையை உறுதியாக மறுத்துவிடுங்கள். மண்ணின் ஈரம் உப்போடு சேர்ந்து சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் அடைத்துக்கொள்ளும், ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிந்து அதைப் பொடியாக்கும். எனவே பூச்சுக்கு முன் காரணத்தைத் தேடுங்கள். சாலையை உயர்த்தி உயர்த்தி வெளித்தரை உள்தரையைவிட மேலே வந்திருக்கிறதா? கூரைத் தண்ணீர் சுவரடியிலேயே விழுகிறதா? அதைச் சரிசெய்து, சுவர் உலர்ந்தபின், நன்றாக நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பில் பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார் கிடைத்தால் விடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை, மாசியில் வேலையை வையுங்கள். சித்திரை வெயிலில் பூச்சு சீக்கிரம் காய்ந்து வெடிக்கும்.

கூரையில் முதலில் பார்க்க வேண்டியது ஓடுகளைத் தாங்கும் சாய்வு மரங்களான கைமரங்களின் சுவருக்குள் புதைந்த முனைகளை. கரையானும் உளுப்பும் அங்கேதான் ஒளிந்திருக்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் நல்ல ஆசாரி அதை வெட்டி ஒட்டுச் சேர்த்துவிடுவார். மரம் முழுவதையும் மாற்ற வேண்டாம். ஓட்டை எடுத்துவிட்டுத் தகரம் போட்டால் பங்குனியிலேயே உள்ளே உட்கார முடியாது. ஆடிக் காற்றுக்கு ஓரத்து ஓடுகளைக் கம்பியால் கட்டினால் போதும்.

இத்தனைக்கும் முன்னால் தானப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். கல்விக்கென்று எழுதிக் கொடுத்த இடமாக இருந்தால் நூலகமும் பயிற்சியும் அதோடு பொருந்தலாம், விற்பனைக்குச் சிக்கல் வரலாம். மக்கள் கூடும் இடம் என்பதால் 1965-ஆம் ஆண்டின் பொதுக்கட்டிட உரிமச் சட்டம் பொருந்துமா என்றும் அவரிடமே கேளுங்கள். வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டும்போது அதையும் சுவரோடு ஒட்டாமல், நீர் வடிய இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.